இரண்டு பைகள் எதற்கு?

மார்ச் 3

சட்டைப்பை மென்பொருளுக்கு இன்று ஒற்றை நட்சத்திரம். கொடுத்தவர் வேறு யார், சலிப்புக்காரர்தான். அந்தப் பெயர் நான் வைத்தது. அவர் தனக்கு வைத்துக்கொண்டிருப்பது வெறும் எண்கள்.

"அதே அசிங்கமான ஐகான். இரண்டு பைகள் எதற்கு என்று இன்றுவரை எவரும் விளக்கவில்லை. இலவசம் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்."

ஒவ்வொரு பதிப்பையும் வந்த அன்றே இறக்கிக்கொள்கிறார், வந்த அன்றே திட்டுகிறார். பிடிக்காத வீட்டுக்கு இத்தனை வருஷம் யார் போய்வருவார்கள்? அந்த ஐகானை வரைந்தது நான். அசிங்கம்தான். அதற்காக முகத்துக்கு நேரே சொல்வதா?

மார்ச் 6

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கையேடு தயாரிக்கிறோம். எழுதுவது நான், படம் போடுவது அவள். எச்சரிக்கை வாசகங்கள் எல்லாவற்றையும் நகலெடுத்திருக்கிறாள், ஒட்டுவதற்குள் கைதவறி வேறொரு சொல்லை நகலெடுத்துவிட்டாள். முதலாவது போயே போய்விட்டது.

அவளுடைய மேக் கணினியில் சட்டைப்பையைப் போட்டுக் கொடுத்தேன். நகலெடுத்தது எதுவானாலும் பையில் கிடக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அதன் வேலை.

"ஃப்ரீயா?"

"ஃப்ரீ. உள்ள இருக்கிற ப்ரோக்ராம் கோடு கூட யார் வேணா பார்க்கலாம், மாத்திக்கலாம்."

"யாரு பண்ணது?"

"ரெண்டு பேரு."

"அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"திட்டு."

சிரித்தாள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான் என்று சொல்லவில்லை. சொன்னால் இன்னொருவர் யார் என்று கேட்பாள்.

மார்ச் 14

நெட்டையிடமிருந்து மெயில். பிரிந்து இத்தனை வருஷமாகியும் தலைப்பில் இன்னும் "குட்டைக்கு" என்றுதான் போடுகிறான். முன்னாள் மனைவியைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை போலிருக்கிறது.

விஷயம் இதுதான். அடுத்த மேக் மாற்றத்துக்குப் பிறகு சட்டைப்பையின் உள்வேலை ஓடாது. புதிதாக எழுத வேண்டும். அவனால் முடியாது. இது இன்னார் செய்தது என்று மேக்குக்குச் சொல்கிற கையெழுத்துக் கணக்கும் ஜூன் முடிவோடு முடிகிறது, அதைப் புதுப்பிக்கப் போவதில்லை. கையெழுத்து இல்லாமல் திறந்தால் மேக், செய்தவர் யாரென்று தெரியாது என்று பயமுறுத்தும். பாதிப்பேர் பயந்து குப்பையில் போட்டுவிடுவார்கள். ஆரம்பத்திலிருந்தே அந்தக் கணக்கு அவன் பெயரில்.

ஒரு கம்பெனி வேறு கேட்டிருக்கிறதாம். எடுத்துக்கொண்டு மாதச் சந்தா போட்டு விற்பார்கள்.

"மூணு வழி இருக்கு. நீ எடுத்துக்கோ. இல்ல, அவங்ககிட்ட கொடுத்திடலாம். இல்ல, மூடிடலாம். நீ சொல்றதுதான்."

நீ சொல்றதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஒன்றைச் சொல்லியே எல்லாவற்றையும் என் தலையில் கட்டியவன்.

மார்ச் 15

வேலை ஓடவில்லை. பழைய அறையே நினைவில் நிற்கிறது.

சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கைமாறி வந்த ஒரு மேக். கீபோர்டில் ஒரு எழுத்துக்கு மேல்மூடி கிடையாது, விரல் வைத்தால் ரப்பர் தட்டுப்படும். கீழே யாராவது காற்றடித்தால் மேசை லேசாக அதிரும். அவன் கடைகளுக்குக் கணக்கு நிரல் எழுதுவான், நான் விளம்பரத் துண்டுப் பிரசுரங்கள் எழுதுவேன். இரண்டும் அதே மேக்கில்.

நான் ஒரு பத்தியை நகலெடுத்துவிட்டு அடுப்பை அணைக்க எழுந்தால் போதும், அந்த இடைவெளியில் அவன் உட்கார்ந்து வேறு எதையாவது நகலெடுத்துவிடுவான். என் பத்தி காலி. "ஒரு நிமிஷம்தானே உட்கார்ந்தேன்?" என்பான். "அந்த ஒரு நிமிஷத்துலதான் போச்சு" என்பேன். முதல் வருஷத்துச் சண்டையில் பாதி இதனால். மீதி பாதி ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவதால்.

ஈரத் துண்டுக்கு அவனிடம் வழியில்லை. நகலுக்கு வழி கண்டுபிடித்தான். நகலெடுத்ததெல்லாம் தங்குகிற மாதிரி ஒரு பை. அதிலும் என்னுடையதும் அவனுடையதும் கலந்துவிடக் கூடாது என்று இரண்டு பைகள். இடது எனக்கு, வலது அவனுக்கு. உள்வேலை முழுக்க அவன் எழுதினான். திரையில் தெரியும் சொற்கள், உதவிப் பக்கம், அந்த அசிங்கமான ஐகான், எல்லாம் நான்.

இரண்டு பைகள் எதற்கு? இதற்குத்தான் சலிப்புக்காரரே. ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார வேண்டியிருந்தது.

மார்ச் 17

ஊருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று சொன்னது அவன். எங்களுக்குப் பயன்பட்டது பிறருக்கும் படட்டுமே என்றான். அவசரத்தில் வெளியிட்டோம். அதில் ஒரு கூத்து நடந்தது.

எங்கள் வீட்டு உபயோகத்துக்காக நான் ஒரு செய்தி எழுதி வைத்திருந்தேன். வலது பை நிரம்பினால் திரையில் வரும்: "ஏய் நெட்டை, காலி பண்ணு." அதை எடுக்க மறந்துவிட்டோம். எங்கெங்கோ இருக்கிற, ஒரு சொல் தமிழ் தெரியாத ஆட்களின் மேக்கில் எல்லாம், பை நிரம்பியதும் என் குரல். வைரஸ் என்று ஒருவர் பயந்தார். இது என்ன மொழி, எழுத்து அழகாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். பல் மருத்துவர் ஒருவர், இது வரும்போதெல்லாம் யாரோ அன்பாக ஏதோ சொல்வதுபோல இருக்கிறது என்று எழுதினார்.

அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டோம். அதற்குத்தான் உண்மையான திட்டு வந்தது. எங்கள் செய்தி எங்கே, யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? திரும்பப் போட்டோம். நெட்டை நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தது இப்போதும் காதில் கேட்கிறது. "உலகம் பூரா என்னைத் திட்ற ஒரே பொண்டாட்டி நீதான்."

எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். அதை எழுதினால் என்ன தப்பு? இருந்தோம்தானே.

மார்ச் 23

போன் செய்தான்.

"மெயில் பாத்தியா?"

"பாத்தேன்."

"கோபமா?"

"இல்ல. ஏன் திடீர்னு?"

"திடீர்னு இல்ல. பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டா. உட்கார விடமாட்டேங்கிறா. போன பதிப்பே அவ தூங்கறப்ப தூங்கறப்ப பண்ணதுதான். என்னால முடியல, குட்டை."

பின்னால் எதையோ தட்டுகிற சத்தம்.

"என்ன தட்றா?"

"பழைய கீபோர்டு. அதைக் குடுத்தாத்தான் கொஞ்ச நேரம் சும்மா இருக்கா."

எந்தக் கீபோர்டு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

"கம்பெனிக்காரங்க என்ன சொல்றாங்க?" என்றேன்.

"இடது பை ஃப்ரீ. வலது பைக்குச் சந்தா."

"உன் பைக்கு மட்டும் விலையா?"

சிரித்தான். அவன் மனைவி உள்ளிருந்து அவனைக் கூப்பிட்டாள், நல்ல மெல்லிய குரல். வைத்துவிட்டான்.

பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். அந்தப் பெண்மேல் இல்லை, குழந்தைமேல் சத்தியமாக இல்லை. அந்த வீட்டில் கேட்ட சத்தத்தின்மேல்தான்.

மார்ச் 30

அக்கா வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"விட்டுத் தொலையேன்டி. பிரிஞ்ச பிறகும் ரெண்டு பேரும் சேர்ந்து கம்ப்யூட்டர்ல குடும்பம் நடத்திட்டு இருக்கீங்க. யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"குடும்பமில்லக்கா. அது நாலு பேர் உபயோகிக்கிற சாமான்."

"அந்த நாலு பேர் உனக்கு என்ன செஞ்சாங்க?"

அவளுக்குக் காபி போட எழுந்தேன். அவள் போன பிறகு வக்கீல் அறை ஞாபகம் வந்தது. பிரிவதற்கான காகிதங்களைத் திருப்பிக்கொண்டே அவர் கேட்டார், கூட்டாக ஏதாவது இருக்கிறதா, வீடு, நிலம், கடன்? நெட்டை என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று இருவரும் சொன்னோம். சட்டைப்பை நினைவுக்கு வராமல் இல்லை. வந்ததால்தான் சொல்லவில்லை. எழுதினால் பிரித்துவிடுவார்கள்.

அதன்பிறகு எங்களுக்குள் இருந்த பேச்செல்லாம் அதைப் பற்றியதுதான். இடது பையில் எழுத்து சிறிதாக இருக்கிறது. சரி செய்கிறேன். நன்றி. ஒரு வருஷத்துக்கு நாலைந்து வரி. அது போதுமாக இருந்தது. அது நின்றுவிடும் என்பதுதான் என் பயம். மேக் மாற்றமும் கையெழுத்தும் எல்லாம் சாக்கு.

ஏப்ரல் 6

பயனாளர்களுக்கு அறிவிப்பு போட்டேன். ஜூனுக்குப் பிறகு சட்டைப்பை இருக்குமா என்று தெரியாது, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 8

இப்படிக் கொட்டும் என்று நினைக்கவில்லை. சிலது:

"போகட்டும். இதைவிட நல்லது காசுக்குக் கிடைக்கிறது."

"காசு கொடுத்து நாலு வாங்கினேன். நாலும் என்னிடம் கணக்குத் திறக்கச் சொன்னது, மெயில் கேட்டது. இது மட்டும்தான் என்னை எதுவும் கேட்காத மென்பொருள்."

"சந்தா போட்டால் முதல் நாளே அழித்துவிடுவேன். தர முடியாததால் இல்லை. ஒரு சட்டைப்பைக்கு யாராவது வாடகை கொடுப்பார்களா?"

"வலது பையை எடுத்துவிட்டு இடதை மட்டும் வைத்திருங்கள். வேலை குறையும்."

பல் மருத்துவர்: "இன்னும் இருக்கிறேன். செய்தி என்ன சொல்கிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்."

பிறகு இது. நீதிமன்றத் தட்டச்சர், பெண். "பக்கவாதத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது. அடிக்கடி வரும் வாசகங்களை இடது பையில் வைத்திருக்கிறேன், அன்றைய வழக்குக்கு உரியதை வலது பையில். ஒற்றைக் கையால் இரண்டு கைக்காரர்களோடு சரிக்குச் சரியாக வேலை செய்கிறேன். மூடுவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், வேலையை விடுவதைப் பற்றி மேலதிகாரியிடம் பேச வேண்டும்."

இதை நாலைந்து முறை படித்தேன். எங்கள் சண்டைக்காகச் செய்த பை. அக்காவிடம் சொல்ல இப்போது ஒரு பதில் இருக்கிறது.

ஏப்ரல் 9

"நான் எடுத்துக்கறேன்" என்று நெட்டைக்கு எழுதினேன். பதில்: "சரி. உள்வேலை உனக்கு வருமா?"

சந்தேகமா, அக்கறையா? எதுவானாலும் எரிச்சல். வராது. வர வைக்க வேண்டும்.

ஏப்ரல் 21

தினமும் அலுவலகம் போவதற்கு முன் உட்காருகிறேன். இத்தனை வருஷம் திரையில் தெரிகிற சொற்களை மட்டும் பார்த்தவள். உள்ளே போனால் வேறு வீடு. நெட்டை எழுதின கோடு நெட்டை மாதிரியே இருக்கிறது: எல்லாம் சரியாக இருக்கும், எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. ஓர் இடத்தில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறான். "இது ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது. தொடாதே."

இன்னொரு இடத்தில்: "குட்டை கோபமாக இருக்கிறாள். மீதி நாளைக்கு."

எந்தக் கோபம்? ஞாபகமே இல்லை. ஈரத் துண்டாகத்தான் இருக்கும்.

மே 4

இடது பை ஓடுகிறது. நானே எழுதி, நானே ஓட வைத்தேன். அறையில் யாருமில்லை, இருந்தாலும் "பாத்தியா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மே 11

மேக்கின் மூடியை மூடித் திறந்தால் வலது பை காலி. இடது பை அப்படியே இருக்கிறது. ஏன்?

மே 13

ஏன்?

மே 19

அவனைக் கேட்கலாம். ஒரு வரி எழுதினால் போதும், சொல்லிவிடுவான். மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். வீம்பு என்று அக்கா சொல்வாள். வீம்பு இல்லை. இதைக் கேட்டால் அடுத்ததையும் கேட்பேன். பாப்பா தூங்குகிற நேரத்தில் அவன் எனக்காக உட்காருவான். அந்தப் பெண் ஒன்றும் சொல்லமாட்டாள், அதனாலேயே கூடாது.

மே 25

இன்று வலது பையை எடுத்துவிட்டேன். ஒரே பை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. திரை சுத்தமாக, விசாலமாக இருக்கிறது. அவன் சாமான்களைக் கொண்டுபோன மறுநாள் வீடு இருந்த மாதிரி.

தட்டச்சருக்கு, வலது பையில் இருப்பதை இடது பைக்கு மாற்றிக்கொள்ள எப்படி என்று ஒரு உதவிப் பக்கம் எழுத ஆரம்பித்தேன். எழுதுவதற்குள் கண் நிறைந்துவிட்டது. நிறுத்திவிட்டு, சோதனைப் பதிப்பை மட்டும் வெளியிட்டுவிட்டுக் கணினியை மூடினேன்.

மே 26

காலையில் முதல் கருத்து சலிப்புக்காரருடையது.

"வலது பை எங்கே?"

பதில் எழுதினேன். பலரும் கேட்டதால் எடுத்திருக்கிறோம், நீங்களும் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"எதற்கு என்று கேட்டேன். எடுக்கச் சொன்னேனா?"

பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். மூடியை மூடினால் காலியாகிறது, எனக்குத் தீர்க்கத் தெரியவில்லை, உள்வேலை செய்தவர் இப்போது இல்லை. "இல்லை" என்று எழுதியதும் செத்துப்போனவன் மாதிரி ஒலித்தது. "விலகிவிட்டார்" என்று மாற்றினேன்.

மே 28

சலிப்புக்காரர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். கோடு எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது, எடுத்துப் பார்த்திருக்கிறார். பிழை அந்தத் "தொடாதே" குறிப்புக்குக் கீழேயே இருந்திருக்கிறது. தொடாதே என்று எழுதியிருந்ததால் நான் தொடவில்லை. மனைவியாக இருந்தபோது கூட நான் இப்படிச் சொல்பேச்சு கேட்டதில்லை.

கூடவே ஒரு குறிப்பு: "சகிக்கவில்லை. திருத்தியிருக்கிறேன். ஐகானையும் மாற்றியிருப்பேன், வரையத் தெரியாது."

போட்டுப் பார்த்தேன். மூடினேன், திறந்தேன். வலது பை நிறைய இருந்தது. அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன், அதைப் பற்றிக் கவலையே படவில்லை.

ஜூன் 8

செய்தியை என்ன செய்வது என்று யோசித்தேன். ஏய் நெட்டை, காலி பண்ணு. புதுப் பதிப்பில் அது இருக்க வேண்டுமா? அந்த நெட்டை இப்போது வேறு வீட்டில் ஒரு குழந்தைக்கு அப்பா.

இருக்கட்டும். அது என்றோ எங்களுடையதாக இல்லாமல் போய்விட்டது. பல் மருத்துவர் என்னவென்று நினைத்து வைத்திருக்கிறாரோ அதுதான் அதன் பொருள்.

ஜூன் 22

சட்டைப்பையை என் பெயருக்கு மாற்றிக்கொடுக்கும் வேலைக்காக நெட்டை போன் செய்தான். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். கடைசியில் அவன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் வந்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"கருத்துப் பக்கத்துல பாத்தேன். வலது பை எப்படி சரி பண்ண?"

"ஒருத்தர் பண்ணாரு. நீ தொடாதேன்னு எழுதி வெச்ச இடத்துல."

"ஓ." என்றான். "அந்த இடத்தைப் பாத்து நானே பயந்துட்டுதான் இருந்தேன்."

"பாப்பா எப்படி இருக்கா?"

"ஓடறா இப்ப."

"நல்லா பாத்துக்கோ."

"நீயும், குட்டை."

வைத்த பிறகு அழுதேன். எதற்காக என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதப் போவதில்லை.

ஜூலை 2

வெளியிட்டாயிற்று. தட்டச்சர் எழுதியிருக்கிறார்: "மேலதிகாரியிடம் பேசத் தேவையில்லாமல் போனது." சலிப்புக்காரர் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.

ஜூலை 19

இன்று காலை வந்த கருத்துகளில் ஒன்று, நாலு நட்சத்திரத்தோடு. எழுதியவர் பெயரைப் பார்த்தால், நெட்டை. மெயில் அனுப்பவில்லை, போன் செய்யவில்லை. எல்லோரும் எழுதுகிற பொதுப் பக்கத்தில், எல்லோரும் எழுதுகிற கட்டத்துக்குள் எழுதியிருக்கிறான்.

"முதலிலிருந்து பயன்படுத்துகிறேன். புதிய பதிப்பு பழையதைவிட வேகம். இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்கு வலது பை தவறான திரையில் திறக்கிறது. நேரம் கிடைக்கும்போது பார்க்கவும்."

பார்க்கவும். என்னிடம் அவன் ஒருநாளும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

சிரித்தேன். பிறகு உட்கார்ந்து பார்த்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அலுவலகம் கிளம்புவதற்குள் சரியாகிவிட்டது. யாரையும் கேட்காமல் உள்வேலையில் நான் திருத்திய முதல் பிழை அவன் சொன்னது.

பதிப்புக் குறிப்பில், பிழையைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்ல ஒரு வரி உண்டு. அவன் பெயரைப் போடலாம். நெட்டை என்று போடலாம். நான் "ஒரு பயனாளருக்கு நன்றி" என்று எழுதி, கையெழுத்திட்டு, அனுப்பிவிட்டேன்.